மார்கழி ராத்திரி, கொறங்காடு, ஒரு இரவல் டியூப்

26.12.2025, வெள்ளி: ஈரோடு, சென்னிமலை

வர்ற செவ்வாக்கெழம வைகுண்ட ஏகாதசி, நாம இருக்கறது ஸ்ரீரங்கம், அப்ப வீடு எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம். மச்சினன் குடும்பம், மச்சினனோட மாமனார் மாமியார், யாரு புள்ளைங்கன்னே எனக்குத் தெரியாத ரெண்டு பசங்க, மொத்தம் பதினோரு பேரு. இந்த நேரம் பாத்து "காங்கேயத்துக்குப் போயி ராத்திரி பூரா சைக்கிள் ரேஸ் ஓட்டிட்டு வரேன்"னு சொன்னவன் இன்னும் உயிரோட இருக்கான்னா அதுக்குக் காரணம் பொண்டாட்டியோட பெருந்தன்மை எல்லாம் இல்ல, திங்கக்கெழம சாயங்காலம் கடை மூடறதுக்குள்ள வந்து இருவது பாக்கெட் பால் வாங்கித் தரேன்னு பண்ணுன சத்தியம்.

ரேஸுன்னா பெரிய ரேஸெல்லாம் கெடையாது. திருப்பூர், கோயம்புத்தூர் பக்கத்து சைக்கிள் பசங்க சேர்ந்து, அவங்கள்ல ஒருத்தரோட சொந்தக்காரங்க காட்டுல, ராத்திரி 10 மணில இருந்து வெடியக்காலம் 4 மணி வரைக்கும் மவுண்டன் பைக் ஓட்டறது. ஒரு சுத்து 7 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துல யாரு நெறைய சுத்து போடறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. 800 ரூபா கட்டணும், சாப்பாடு உண்டு. மலைன்னா சத்தியமங்கலம் பக்கம் போக வேண்டியதுதானன்னு கேப்பீங்க. அது புலிகள் காப்பகம், 27 கொண்டை ஊசி வளைவு இருக்கற திம்பம் ரோட்டுலயே 2022-ல இருந்து கோர்ட்டு உத்தரவுப்படி ராத்திரில வெளி வண்டிக்குத் தடை, அங்க போயி சைக்கிள்ல லைட்டப் போட்டுக்கிட்டு சுத்துனா ஆனைதான் பரிசு குடுக்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சது வீடியோ பாத்து. ஸ்காட்லாந்துல ஸ்ட்ராத்பஃபர்னு ஜனவரி மாசம் 24 மணி நேர ரேஸ் ஒண்ணு நடக்கும், அதுல 17 மணி நேரம் இருட்டுதான், சேறும் ஐஸுமா அவனுங்க ஓட்டறதப் பாத்துப் பாத்து எனக்கும் குளிர்ல ராத்திரி ரேஸுன்னு ஒரு ஆசை. அந்த நெனப்புல நான் எடுத்து வச்சது ரெண்டு ஜாக்கெட், கம்பளிக் குல்லா, விரல் முழுசா மூடற கிளவுஸ், ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். ரயில்ல பக்கத்து சீட்டு அம்மா பையப் பாத்துட்டு "காசிக்காப்பா?"ன்னு கேட்டுச்சு.

ஈரோட்டுல எறங்கி சக்கரத்த மாட்டி ஓட்ட ஆரம்பிச்சேன். சென்னிமலை ஒரு 28 கிலோமீட்டர் இருக்கும், கெழக்கத்திக் காத்து முதுகுல கை வச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சு, வெயில் மட்டும் மார்கழின்னு யாரும் அதுகிட்ட சொல்லல போல. வழியில டீ 15 ரூபா. எளநி 60-ன்னு சொன்னாரு, மொகத்தப் பாத்துட்டு அவரே "இந்த வருசம் தேங்கா விக்கற விலைக்கு இது கம்மிங்க தம்பி"ன்னாரு, அதும் நெசந்தான், வீட்டுல தேங்கெண்ணெ வாங்குன எல்லாருக்கும் தெரியும்.

சென்னிமலைல மதியச் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸுல, 90 ரூபா. அரிசியும்பருப்பு சாதம், மேல நெய், கத்திரிக்கா பொரியல், கெட்டித் தயிரு. எங்கூருப் பக்கம் சாம்பார் சாதம்னு ஒண்ண கொழையக் கொழைய ஊத்துவோமே அது இல்ல இது, உதிரியும் இல்ல கொழையவும் இல்ல, பூண்டு முழுசு முழுசா கெடக்குது. போதும்னு கைய இலைக்குக் குறுக்க வச்சேன், பரிமாறுன அக்கா கையச் சுத்தி அந்தப் பக்கமா ஒரு கரண்டி போட்டுட்டு "சைக்கிள்ல வந்தவங்க இப்படியா சாப்புடறது"ன்னு போயிருச்சு. இத ஒரு எச்சரிக்கையா நான் எடுத்திருக்கணும், எடுக்கல.

அப்புறம் மலை. முருகன் கோயிலுக்கு 1320 படி. 1984 பிப்ரவரில ரெட்டை மாட்டு வண்டி ஒண்ணு இந்தப் படியில ஏறி மேல போச்சுன்னு எல்லாருமே சொல்றாங்க, சொல்றப்ப தேதியோட சொல்றாங்க, 12-ஆம் தேதின்னு. மரச்சக்கரம், இரும்புப் பட்டா, சஸ்பென்ஷன் கெடையாது. நான் முன்னாடி 120 மில்லிமீட்டர் அமுங்கற சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்ட சைக்கிள கீழ பூட்டிட்டு நடந்து ஏறுனேன், 400-ஆவது படியில உக்காந்தேன். ரேஸுக்கு முந்துன நாளு கால வீணாக்கக் கூடாதுல்ல.

எறங்கி வந்து ஒரு பெட்சீட் வாங்குனேன், 350. பேரம் பேசல, தெருவுல தறிச் சத்தம் கேக்கறப்ப பேரம் பேச வாய் வரல.

ராத்திரி காங்கேயத்துக்குத் தெக்கால ஒரு தோட்டத்துச் சாளையில தங்கல். நண்பனோட நண்பரோட பெரியப்பா வீடு. எட்டு மணிக்கு சந்தகையும் (நம்ம இடியாப்பம் மாதிரி) தேங்காப்பாலும். ஏழு சந்தகை. நான் கேட்டது மூணு.

27.12.2025, சனி: கொறங்காடு

காலைல வெளிச்சத்துல பாதையப் பாத்து வச்சுக்கலாம்னு போனோம். கொறங்காடுன்னா என்னன்னு எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. தரிசு நெலம்னு நெனச்சேன், அந்த வார்த்தைய வாய விட்டும் சொல்லிட்டேன், அந்தப் பெரியப்பாவுக்கு லேசா கோவமே வந்துருச்சு. தரிசு இல்லீங்களாம். கொழுக்கட்டைப்புல்லு மொளைக்கற மேய்ச்சக்காடு, நடுநடுவ வெள்ளவேல மரம், சுத்தி கிளுவை முள்ளு உயிர்வேலி. மாடோ ஆடோ உள்ள விட்டுட்டு படலச் சாத்திட்டா போதும், தானா மேஞ்சுக்கும், மழை குறைஞ்ச இந்த மண்ணுக்கு இதுதான் கணக்கு. காங்கேயம் மாடு இந்தப் புல்லத் தின்னு வளந்ததுதான்னு சொல்லிட்டு, வெள்ளவேலங்காயி ஒண்ண எடுத்துக் காட்டுனாரு, ஆட்டுக்கு அது முறுக்கு மாதிரியாம்.

ரெண்டு காட்டுக்கு நடுவுல ரெண்டு பக்கமும் வேலி வச்ச குறுகலான வண்டித்தடம் ஒண்ணு போகும், அதுக்குப் பேரு இட்டேரி. வெளிநாட்டுல லட்சக்கணக்குல செலவு பண்ணி மவுண்டன் பைக்குக்குன்னு ஒத்தையடித் தடம் வெட்டறாங்க, இங்க அது சும்மா கெடக்குது, வண்டிச்சக்கரம் பதிஞ்ச ரெண்டு பள்ளம், நடுவுல புல்லு, வளைவு நெளிவு, வேர், ஓடக்கல்லு. ஒரே வித்தியாசம், அங்க தப்பு பண்ணா புல்லுல விழுவீங்க, இங்க கிளுவை முள்ளுல.

பாதையில அது போக பழைய கல்லுக்குழி ஒண்ணு, தண்ணி வராத வாய்க்கா மேடு ஒண்ணு, தேங்காப்பருப்பு காயப்போடற களம் ஒண்ணு, தறிகுடோன் ஒண்ணு. மேற்கால தள்ளி ஊதியூர் மலை. அந்த மலையில 2023-ல சிறுத்தை வந்து ஆடு கன்னெல்லாம் அடிச்சது பேப்பர்ல வந்துது ஞாபகம் இருக்கான்னு ஒருத்தன் எல்லாரும் சாப்பிடற நேரமா பாத்து கேட்டான். அவன் பெங்களூரு. அவனே ராத்திரி ரெண்டு சுத்தோட நிறுத்திட்டான்.

மொத்தம் 34 பேரு. குன்னூர்ல இருந்து ஒரு பையன் பனியனோட நின்னுட்டிருந்தான், நான் ரெண்டு ஜாக்கெட்டையும் போட்டுட்டுப் பக்கத்துல போயி நின்னேன். மேலயும் கீழயும் பாத்துட்டு "அண்ணா ஒடம்பு சரியில்லீங்களா"ன்னான். அப்ப 20 டிகிரி, நல்லா நடுராத்திரில 18 ஆச்சு, அவ்ளோதான் குளிர். முதல் ஜாக்கெட்ட ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே கழட்டிட்டேன், ரெண்டாவது முதல் சுத்து முடிய.

சாப்பாடு பத்தி சொல்லணும். ரேஸுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி லேசா ஏதாவது, வாழப்பழம், கொஞ்சம் இட்லி, இப்படித்தான் நான் படிச்சு வச்சிருக்கேன். எட்டு மணிக்கு வாழை இலை போட்டுட்டாங்க. நாட்டுக்கோழி, செவசெவன்னு வரமொளகாயும் தேங்காச்சில்லும் போட்ட பள்ளிபாளையம் வறுவல், கொள்ளு ரசம். "ரேஸு இருக்குதுங்கம்மா, கம்மியா போடுங்க"ன்னேன். "ரேஸு இருக்குதுன்னுதான் கண்ணு செஞ்சதே"ன்னாங்க அந்த ஆத்தா. அதுக்கு மேல நான் எந்த ஊரு ஆம்பளை பதில் பேச. குன்னூர்ப் பையன் மட்டும் "நான் சைவம்"னு பொய் சொல்லித் தப்பிச்சான். அவன்தான் ஜெயிச்சான்.

பத்து மணி. வானத்துல பாதி நெலா. ஊதல் ஊதி விட்டாங்க. ராத்திரி ஓட்டறவங்க ரெண்டு லைட்டு வைப்போம், ஹேண்டில்பார்ல ஒண்ணு, ஹெல்மெட்ல ஒண்ணு. ஹேண்டில்பார் லைட்டு தாழ்வா இருக்கறதால சின்னக் கல்லுக்குக் கூட நெழல் விழும், பள்ளம் மேடு தெரியும். ஹெல்மெட் லைட்டு நீங்க திரும்பற பக்கம் திரும்பும், வளைவுக்கு அந்தப் பக்கம் என்னன்னு அதான் காட்டும். பின்னாடி ஒருத்தன் உங்களவிடப் பெரிய லைட்டோட வந்தான்னா போச்சு, உங்க நெழலே உங்களுக்கு முன்னாடி கருப்பா பூதம் மாதிரி ஓடும், அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது, வழிய விட்டுட்டு ஒதுங்கறதுதான் நல்லது. நான் ஒதுங்குனேன். நெறைய தடவ ஒதுங்குனேன்.

வயித்துல கோழி குதிச்சுது. முதல் சுத்து 44 நிமிஷம்.

தரையெல்லாம் பச்சைப் பச்சையா மின்னுச்சு, பனித்துளின்னு நெனச்சேன், கிட்டப் போனா ஒண்ணு ரெண்டு நகருது. சிலந்திக் கண்ணு. அதுக்கப்புறம் கீழ பாக்கறத நிறுத்திட்டேன். வெளிச்சத்துக்கு வர்ற பூச்சி வாய்க்குள்ள போகுது, வாய மூடுனா மூச்சு வாங்குது.

ரெண்டாவது சுத்துல, ரெண்டாவது இட்டேரி முடியற கடவுகிட்ட, அதான் வேலியில விட்ட வழிகிட்ட, திடீர்னு என் மூஞ்சில டார்ச் வெளிச்சம். நாலு பேட்டரி டார்ச்சு. "ஆருங்க அது?" பிரேக்கப் புடிச்சு நின்னுட்டேன். தலையில துண்டு, கையில தடி, பின்னாடி ஆட்டுப்பட்டி.

"ரேஸுங்கய்யா. பெரியவருகிட்ட கேட்டுத்தான் ஓட்டறோம்."

"அது தெரியுமுங்க. நாயோன்னு பாத்தனுங்க."

இந்தப் பக்கம் தெருநாய்ங்க கூட்டமா வந்து பட்டியில இருக்கற ஆட்டக் கடிச்சுக் கொன்னு போட்டுட்டுப் போறது பெரிய பிரச்சனை, நஷ்டஈடு கேட்டு வெவசாயிங்க செத்த ஆட்டத் தூக்கிட்டுப் போயி போராட்டமெல்லாம் பண்ணிருக்காங்க. இவருக்கு ஒரே ராத்திரில ஒம்பது உருப்படி போச்சாம். அதுலருந்து தெனமும் ரவைக்குக் காவல்.

"வெடியால வரைக்குமுங்களா சுத்துவீங்க?"

"ஆமாங்க, நாலு மணி வரைக்கும்."

"காசு ஆரு குடுக்கறாங்க?"

"நாங்கதாங்க கட்டியிருக்கோம். ஆளுக்கு 800."

கொஞ்ச நேரம் டார்ச்ச அணைச்சு அணைச்சுப் போட்டாரு. "செரி, இக்கட்டால வாரப்பெல்லாம் மணிய அடிச்சுட்டுப் போங்க தம்பி. நாயி வராது."

பொண்டாட்டி வற்புறுத்தி மாட்டி விட்ட மணி ஒண்ணு ஹேண்டில்ல கெடந்துச்சு, ரேஸ் சைக்கிள்ல மணியான்னு காலைல பசங்க சிரிச்சானுங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் அந்தக் கடவுகிட்ட டிரிங் டிரிங்னு அடிப்பேன், அந்தப் பக்கம் டார்ச்சு ரெண்டு தடவ மின்னும். மத்தவங்க ரேஸ் ஓட்டுனாங்க, நான் காவல் பாத்தேன்.

வீட்டுல கெளம்பறப்ப நடுராத்திரி காட்டுல ஒத்தையா போறோம்னு எனக்குள்ள ஒரு வீரப்பு இருந்துச்சு. பட்டிக்கு ஒருத்தர் முழிச்சிருக்காரு. தறிகுடோன்ல சடக்கு புடக்குன்னு தறி ஓடிட்டே இருக்கு, வாசல்ல ஒரு பொண்ணு போனுல பேசிக்கிட்டு தண்ணி குடிச்சிட்டிருக்கு. களத்துல பனி படாம தார்பாய் போட்டு மூடியிருக்கற தேங்காப்பருப்புக்குப் பக்கத்துல கட்டில்ல காவக்காரரு ரேடியோ கேக்கறாரு. ஒரு தோட்டத்துல மோட்டார் போட வந்தவரு மம்பட்டியோட நிக்கறாரு. ஒத்தையா போன ஆளு மணி அடிச்சு அடிச்சு, கைய ஆட்டி ஆட்டி, கல்யாண ஊர்வலம் மாதிரி போனேன்.

28.12.2025, ஞாயிறு: இருட்டு, மூடுபனி, பழையகோட்டை

பன்னெண்டு மணியத் தாண்டுனதும் நெலா எறங்கிருச்சு. அதுவரைக்கும் நெலா எவ்ளோ உதவுச்சுன்னே தெரியல, போனப்புறம்தான் வேலி எது வானம் எதுன்னு தெரியாம ஆச்சு. சரியா அப்ப பார்த்து ஹேண்டில்பார் லைட்டு செவப்பு காட்டுச்சு. பரவால்ல, எக்ஸ்ட்ரா பேட்டரி இருக்குன்னு பைய தொறந்து மாட்டுனா, செத்த பேட்டரி. ஸ்ரீரங்கத்துல யாரு புள்ளைங்கன்னே தெரியாத அந்த ரெண்டு பசங்க அத பவர்பேங்க்குன்னு நெனச்சு போனுக்குப் போட்டுருக்கானுங்க. அந்தப் பேட்டரில போன் சார்ஜ் பண்ண வழி இருக்குன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். ஹெல்மெட் லைட்ட கம்மி வெளிச்சத்துல வச்சுக்கிட்டு கெளம்புனேன்.

ஒண்ணரை மணி இருக்கும், வாய்க்கா மேட்டுல பின்டயரு புஸ்ஸுன்னுச்சு. டியூப் இல்லாத டயரு, உள்ள ரப்பர்ப்பால் மாதிரி ஒரு திரவம் ஊத்தியிருப்போம், முள்ளு குத்துனா அதுவே போயி ஓட்டைய அடைச்சுக்கும். அடைக்கணும். திருச்சி வெயிலுக்கு அது ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு போகும், ஊத்தி வைக்கணும், நான் ஊத்துனது ஆகஸ்ட்ல. தடவிப் பாத்தா டயரு பூரா நெருஞ்சி முள்ளு. தள்ளிக்கிட்டே ஒண்ணே முக்கால் கிலோமீட்டர் நடந்து சாளைக்கு வந்தேன், என் 29 இஞ்சு சக்கரத்துக்கு டியூப் யாருகிட்டயும் இல்ல, எல்லாம் டியூப் இல்லாத பார்ட்டிங்க.

அப்ப கட்டுத்தரைப் பக்கம் படுத்திருந்த பண்ணையத்து அப்பாரு எந்திரிச்சு வந்தாரு. எழுவது வயசு இருக்கும். சக்கரத்த அவரோட பெரிய சைக்கிள் சக்கரத்தோட ஒட்டி வச்சுப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. அவரு சைக்கிளக் கவுத்துப் போட்டு, ரெண்டு ஸ்பேனர்ல டயரக் கழட்டி, 28 ஒண்ணரை சைஸ் டியூப உருவி எங்கிட்ட நீட்டுனாரு. நான் வேணாம்னு சொல்லக் கூட இல்ல, வெக்கமில்லாம வாங்கிட்டேன். என் ரிம்முல மோட்டார் பைக் வால்வு போற அளவுக்குப் பெரிய ஓட்டை, அதனால அந்த வால்வு சுளுவா நொழைஞ்சுது. டயரு அகலம், டியூப் ஒல்லி, நல்லா காத்தடிச்சா உள்ள பலூன் மாதிரி விரிஞ்சு உக்காந்துக்குச்சு. டயருக்குள்ள இருந்த முள்ள அவரு நகத்தாலயே புடுங்குனாரு, எண்ணிக்கிட்டே வந்தவரு முப்பதுக்கு மேல எண்ணல. அதுக்குள்ள ஆத்தா ஒரு டம்ளர் பாலும் கச்சாயமும் கொண்டு வந்துட்டாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு. குடிச்சேன், தின்னேன், எனக்குப் பழகிருச்சு.

மூணரைக்கு மூடுபனி. இது ஸ்காட்லாந்து வீடியோல பாத்த விஷயம்தான், ஆனா தெரிஞ்சும் தப்பு பண்ணேன். ஹெல்மெட் லைட்டு கண்ணுக்குப் பக்கத்துல இருக்கறதால பனியில பட்ட வெளிச்சம் நேரா கண்ணுக்கே திரும்புது, எதிர்ல வெள்ளச் சுவரு. லைட்டக் கழட்டி கையில தாழ்த்திப் புடிச்சா கொஞ்சம் தெரியுது, ஆனா ஒரு கையில இட்டேரி ஓட்ட முடியாது. கடைசில கால் கிலோமீட்டருக்கு ஒரு தடவ வேலியில ஒரசி வேலியத் தெரிஞ்சுக்கிட்டேன். இடது முழங்கை இன்னும் எரியுது. கடவுகிட்ட வந்து மணி அடிச்சேன், டார்ச்சு தெரியல, பனி. "போங்க தம்பி, போங்க"ன்னு சத்தம் மட்டும் வந்துச்சு.

ஆறு சுத்து. 31-ஆவது எடம். குன்னூர்ப் பையன் 13.

அஞ்சு மணிக்குப் படுத்து பத்து மணிக்கு எந்திரிச்சா ஒப்புட்டு தயாரா இருக்கு. மத்தியானத்துக்கு மேல பழையகோட்டைல ஞாயித்துக்கெழம மாட்டுச்சந்தை நடக்கும்னு கூட்டிட்டுப் போனாங்க, நாங்க போறதுக்குள்ள முக்காவாசி கலைஞ்சிருச்சு. ஒருத்தர் செவலக் கன்னு ஒண்ணக் காட்டி "இது ஆறு மாசத்துல சாம்பல் நெறத்துக்கு வந்துருமுங்க"ன்னாரு, காங்கேயம் கன்னு எல்லாமே பொறக்கறப்ப செவப்புதானாம். வெல கேட்டேன். வாங்கற ஆளு இல்லன்னு அவருக்கே தெரியும், இருந்தாலும் மரியாதைக்கு துண்டப் போட்டு கை குடுத்து விரலப் புடிச்சு ஏதோ கணக்கு சொன்னாரு. எத்தனைன்னு எனக்கு வெளங்கல, வெளங்குன மாதிரி தலைய ஆட்டி "ஜாஸ்திங்க"ன்னு சொன்னேன், சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க.

வர்ற வழியில சிவன்மலை. ஆண்டவன் உத்தரவுப் பெட்டியப் பாத்தேன், யாரோ ஒரு பக்தர் கனவுல முருகன் வந்து சொல்ற பொருள கண்ணாடிப் பெட்டில வைப்பாங்க, அடுத்த கனவு வர்ற வரைக்கும் அது அங்கயே இருக்கும். கூட வந்த பையன் "அண்ணா, உங்க கனவுல வந்தா ரப்பர்ப்பால் பாட்டில் வைக்கச் சொல்லுவாரு"ன்னான்.

29.12.2025, திங்கள்: காங்கேயம், ஈரோடு

காலைல டவுனுக்குப் போயி சைக்கிள் கடையில புது டியூப் வாங்குனேன், 28 ஒண்ணரை, 140 ரூபா. நல்ல கம்பெனி. அப்பாருகிட்ட குடுத்தேன். அட்டைப்பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு எங்கிட்டயே குடுத்துட்டாரு.

"என்ற டியூப்பக் குடுத்துருங்க."

"இது புதுசுங்க அப்பாரு. அது பழசு, அதுல நாலு ஒட்டு இருக்கு."

"நாலு ஒட்டும் எங்கெங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. புதுசு எங்க போகுமுன்னு ஆரு கண்டா?"

இதுக்கு என்ன சொல்ல. சைக்கிளக் கவுத்து, பழச உருவிட்டு, புதுச என் சக்கரத்துல போட்டேன். அவரு தன் டியூப்புக்குக் காத்தடிச்சு, தொட்டித் தண்ணில அமுக்கி ஒரு சுத்து விட்டாரு. ஒரு எடத்துல பொடிப்பொடியா முட்டை விட்டுச்சு, கடைசி சுத்துல குத்துன நெருஞ்சியா இருக்கும், டயரு அகலத்துக்கு எனக்குத் தெரியவே இல்ல. எனக்கு மானமே போச்சு. அவரு அலட்டிக்கல, துடைச்சு, உப்புத்தாள் தேச்சு, பசை தடவி, காயறதுக்கு ஊதிக்கிட்டே "எந்தூருங்க நீங்க?"ன்னாரு.

"ஸ்ரீரங்கமுங்க."

ஒட்டு வச்சு கட்டை விரலால அமுக்குனாரு. "இது ஸ்ரீரங்கத்து ஒட்டு"ன்னு சொல்லிட்டு சக்கரத்துக்குள்ள தள்ளிவிட்டாரு.

கெளம்பறப்ப ஆத்தா ஒரு பை குடுத்தாங்க, வாங்கறப்ப கனம் பாக்கல, ஈரோடு போற வரைக்கும் எதிர்க்காத்துல சுமந்தப்பதான் தெரிஞ்சுது, பதினாலு தேங்கா. ரயில் ஒண்ணரை மணி நேரம் லேட்டு. ஸ்ரீரங்கம் போயி சேர்றப்ப பால் கடை மூடியிருந்துச்சு.